கொசுறுக்கு பலூன் கிடையாது

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், படக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் அந்தப் பழைய வீட்டு வாசலில் வந்து நின்றாள். பெயர்ப்பலகையில் எழுத்துகள் ரத்தம் சொட்டுகிற மாதிரி எழுதப்பட்டிருந்தன. வெயிலிலும் மழையிலும் பெயின்ட் உதிர்ந்து, ரத்தத்துக்கே சோகை பிடித்தது போலிருந்தது. வாரம் தவறாமல் ஊரைப் பயமுறுத்தும் படக்கதைப் பத்திரிகையின் அலுவலகம் அது. பயத்தைப் பொட்டலம் கட்டிச் சில்லறைக்கு விற்கும் கடை என்றும் சொல்லலாம்.

கீழே குடோன். இரும்புக் கதவு, அதன் மேல் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு. அதைத் தாண்டித்தான் மாடிப்படி. ஈரக் காகிதம், பசை, அச்சு மை என்று ஒன்றின் மேல் ஒன்றாக வாசனைகள் வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்றும் இருந்தது. என்றோ கருகிய காகிதத்தின் வாடை.

ஒரு நொடி நின்றாள். பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டது போலிருந்தது. பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் செருமுவோமே, அப்படி.

"அங்க என்னம்மா நிக்கிற? வேலை மேலதான். கீழ இருக்கிறது காகிதம், அதுக்குப் பேச்சு வராது."

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவள், படத்தில் பேசுகிறவர்களின் தலைக்கு மேல் வரும் பலூன்களுக்குள் வசனம் எழுதுகிறவள். அவளுக்கு எழுத்தக்கா என்று பெயர். அச்சுக் கோத்தது போன்ற கையெழுத்து, அரிவாள் போன்ற நாக்கு. முடி நரைத்தும் இரண்டும் மங்கவில்லை.

"நீதான் புதுசா?"

"ஆமாக்கா."

"அப்ப அதுதான் உன் பேரு. இங்க யாருக்கும் அப்பா அம்மா வெச்ச பேரு நிலைக்காது. உனக்கப்புறம் ஒருத்தர் வர்ற வரைக்கும் நீ புதுசு. எது தப்பாப் போனாலும் முதலாளி முதல்ல உன்னைத்தான் கேப்பாரு. பழகிக்கோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

புதுசுக்கு இந்த வேலை பிழைப்பு மட்டுமல்ல. கல்யாண மண்டப வாசலில் வருகிறவர்களின் முகத்தை வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். 'இதெல்லாம் ஒரு வேலையா' என்று சொந்த அண்ணனே கேட்டிருந்தான். வரைந்தது அச்சில் வந்து, அடியில் ஒரு ஓரமாகத் தன் கையொப்பம் இருந்தால், அதை அவன் மூக்குக்கு நேரே நீட்டலாம் என்பதுதான் அவள் கணக்கு.

முதல் நாளே முதலாளி கூப்பிட்டார். பலசரக்குக் கடையில் வளர்ந்தவர், பயத்தையும் தராசில் வைத்துத்தான் பார்ப்பார். அவருடைய வலது கையின் ஆள்காட்டி விரல் நுனியில் கோணியிருக்கும். அவர் ஒருவரைச் சுட்டினால் விரல் பக்கத்தில் நிற்பவரைக் காட்டும். திட்டும் அந்தப் பக்கத்து ஆளுக்கே விழும். "முதலாளி விரல் நீட்டினா ரெண்டு பக்கமும் ஆள் இருக்கக் கூடாது" என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த எச்சரிக்கை.

எதிரே கதாசிரியர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முடிச்சு என்று பெயர். போடத் தெரியும், அவிழ்க்கத் தெரியாது.

பிரச்சினை 'குடைக்காரன்' தொடர். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மழை பெய்யும் நாட்களில் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் ஒரு கை குடையை மடக்கும். வருஷக்கணக்காக அந்தக் கை மட்டும்தான், முகம் கிடையாது. முகம் யாருடையது என்று முடிச்சுக்கே தெரியாததுதான் காரணம்.

"தொடரை மூடிடலாம்யா. வாசகன் கொட்டாவி விடுறான்," என்றார் முதலாளி. "யாரு குடைக்காரன்?"

"அதான் சார் யோசிக்கிறேன். மாடி வீட்டு டாக்டர்னு வெச்சா, அவர் ஊருக்குப் போயிருந்தப்பவும் ஒருத்தரைக் காணாமப் போக்கிட்டேன். வாத்தியாரம்மான்னு வெச்சா வாசகிங்க அடிக்க வருவாங்க..."

"கொசுறு போடு."

முடிச்சின் முகம் தெளிந்தது. புதுசு விழித்தாள்.

"எடை போட்டு முடிச்சப்புறம் கடைக்காரன் கடைசியா ஒரு பிடி சும்மா அள்ளிப் போடுவான் பாரு, அதான்மா கொசுறு," என்று முதலாளி விளக்கினார். "கதை முடியுற நேரத்துல புதுசா ஒரு ஆளைக் கொண்டு வா. எல்லாப் பழியையும் அவன் தலையில போடு. அடுத்த வாரமே கொன்னுடு. வாசகனுக்கு அவன் மேல பாசமும் இருக்காது, பழக்கமும் இருக்காது. யாரும் அழ மாட்டாங்க. நான் இப்படியே எத்தனை தொடரை முடிச்சிருக்கேன் தெரியுமா?"

"அந்த ஆளு தன் பக்கத்தைச் சொல்ல மாட்டானா சார்?" என்று புதுசு கேட்டாள்.

முதலாளி சிரித்தார். சிரித்தபடியே சிகரெட்டுக்குத் தீக்குச்சி உரசினார்.

"சொன்னா பாவமா இருக்குமே! இந்த ஆபீசுல ஒரே சட்டம்தான். கொசுறுக்கு பலூன் கிடையாது."

கீழே குடோன் பக்கம் மறுபடியும் அந்தச் செருமல். அவளுக்கு மட்டும்தான் கேட்டது போலிருந்தது. இல்லை. ஓரத்து மேஜையில் எழுத்தக்காவின் நிப்பும் காகிதத்தின் மேல் அசையாமல் நின்றிருந்தது.

கொசுறு ஒரு குடை பழுது பார்ப்பவன் என்று முடிச்சு எழுதிக் கொடுத்தார். மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து கம்பி திருத்துகிற சாதுவான ஆள். முதல் வாரம் வருவான், எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொள்வார்கள், அடுத்த வாரம் மொட்டைமாடியிலிருந்து விழுவான்.

முகம் வேண்டும். முன்னால் இருந்த ஓவியரின் மேஜை இழுப்பறையைத் துழாவினாள். உள்பலகையில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னப் புகைப்படம் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. ஓரம் கருகியிருந்தது. நடு வகிடு எடுத்த இளைஞன். உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன, ஏதோ சொல்ல வாயெடுத்த நேரத்தில் எடுத்தது போல.

வரைய உட்கார்ந்ததும் அந்த முகம் தானாக வந்தது. வழக்கமாக மூக்கில் அழிப்பாள், தாடையில் அழிப்பாள். இன்று அழிப்பானைத் தொடவே இல்லை. பென்சில் வழுக்கிக்கொண்டு போயிற்று, தெரிந்த வீட்டுக்குப் போவது போல.

கூட்டம் அவனைச் சூழ்ந்துகொள்ளும் கடைசிக் கட்டத்தில் அந்தப் பிரிந்த உதடுகளுக்கு மேல் கை பழக்கத்தில் ஒரு பலூனையும் போட்டுவிட்டாள். வாய் திறந்திருந்தால் மேலே பலூன், அவள் கற்ற பாடம் அது. இந்த ஆபீசின் சட்டம் கைக்கு இன்னும் எட்டவில்லை.

பக்கத்தை வாங்கிய எழுத்தக்கா படத்தைப் பார்த்தாள். பிறகு புதுசைப் பார்த்தாள்.

"இந்த மூஞ்சி எங்க கிடைச்சது?"

"இழுப்பறையில ஒரு போட்டோ இருந்துச்சுக்கா."

"வேற மூஞ்சி போடு."

"ஏன்க்கா?"

"சொன்னா போடேன்!" என்று சீறியவள், கதவு பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சரி விடு, நேரமில்லை. பலூனுக்கு வசனம் இல்லை, அப்படியே காலியா விட்டுடுறேன். மேல வெள்ளை பூசிக்கலாம்."

பூசினாள். புதுசின் கண்ணெதிரே, தடிமனாக.

அந்த வாரம் பத்திரிகை கடைக்குப் போன அன்றே தொலைபேசி அலறத் தொடங்கியது. கொசுறின் முகத்துக்கு மேல் பலூன் அப்படியே இருந்தது. அதற்குள் எழுத்தக்காவின் அச்சுக் கோத்த கையெழுத்தில் இரண்டே சொற்கள் இருந்தன.

'நான் இல்லை.'

"பாவம் சார் அந்தக் குடை ரிப்பேர்காரர், அவரை விட்டுடுங்க" என்று வாசகர்கள் கெஞ்சினார்கள். ஒரு அம்மா அழுதே விட்டார். முதலாளி பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு அறைக்குள் நுழைந்தார்.

"யாரு எழுதினது?"

"எழுத்து என்னுதுதான்," என்றாள் எழுத்தக்கா. நாக்கில் அரிவாள் இல்லை. "நான் எழுதலை."

"நான் எழுதிக் கொடுக்கவே இல்லை சார்," என்று முடிச்சு எழுந்தார். "பலூனைப் போட்டதே இந்தப் பொண்ணுதான். அவ வர்றதுக்கு முன்னாடி இங்க இப்படி ஏதாவது நடந்திருக்கா?"

எல்லோரும் புதுசைப் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் அவள் வரைந்த கட்டம் அப்படியே கண்முன் நின்றது. சூழ்ந்து நிற்கும் முகங்கள், நடுவில் ஒருத்தர்.

முதலாளி விரலை நீட்டினார். முதல் தடவையாக அந்தக் கோணல் நுனியும் அவளையே காட்டியது.

"கடைசியா வந்தது நீதானே? கேட்டுக்கோ. அடுத்த வாரம் அவன் சாகணும், வாயைத் திறக்காம சாகணும். இன்னொரு தடவை ஏதாவது நடந்துச்சு, இவதான் தொடரைக் கெடுத்தான்னு உன் பேரோட பத்திரிகையிலயே போடுவேன். அப்புறம் இந்தத் தொழில்ல ஒருத்தன் உன்கிட்ட பென்சில் சீவக்கூடக் கொடுக்க மாட்டான்."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் போய்விட்டார்.

கடைசிப் பக்கத்துக்காகப் பழைய இதழ்களைப் புரட்டினாள். வருஷக்கணக்காக வந்த அந்தக் கையைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. குடைப்பிடியைச் சுற்றிய விரல்களில் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் கோணியிருந்தது. பழைய ஓவியர் தெரிந்து வரைந்தாரோ, எதிரே இருந்த கையைப் பார்த்து வரைந்தாரோ, ஒவ்வொரு இதழிலும் அதே கோணல்.

"சார், கொசுறோட விரல் நேரா இருக்கே. வில்லன் விரல் கோணலா வந்திருக்கு. பொருந்தலை," என்று முடிச்சிடம் காட்டினாள்.

அவர் பார்த்தார். அடுத்த அறையில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. அவர் முகம் வெளுத்தது.

"அவன் விரலைக் கோணலாக்கிடு. முடிஞ்சுது," என்றார் மெதுவாக. "நாம யாரும் எதையும் பார்க்கலை. சரியா?"

அன்று பிற்பகல் மழை வலுத்தது. சாரல் அடிக்கிறது என்று ஜன்னல்களைச் சாத்தியதும் அறை கிணற்றின் அடிபோல இருண்டது. அடியிலிருந்து விளக்கெரியும் கண்ணாடி மேஜை மட்டும் வெள்ளையாக ஒளிர்ந்தது. அதன் மேல் கடைசிப் பக்கம். மொட்டைமாடி, மழை, சூழ்ந்து நிற்கும் கூட்டம், நடுவில் அவன். எழுத்தக்கா எதிரே கைகளைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவன் ஆள்காட்டி விரலைக் கோணலாக்குவதற்காகப் புதுசு அழிப்பானை எடுத்தாள்.

"வேண்டாம்."

தலை நிமிர்ந்தாள். எழுத்தக்கா வாயைத் திறக்கவில்லை.

கரண்ட் போயிற்று.

மேஜை மட்டும் அணையவில்லை.

கருகல் வாடை வந்தது. பழைய வாடை இல்லை. புதிதாக, சுடச்சுட.

அவள் வரையாத ஒரு பலூன், மழைத்துளி காகிதத்தில் ஊறுவது போல, அவன் தலைக்கு மேல் மெல்லப் படர்ந்தது. அதற்குள் ஒவ்வோர் எழுத்தாக மை ஊறியது.

'என் விரலை நேராகவே விடு, தங்கச்சி.'

அண்ணன்காரன் முகம், தொழில், அடியில் வரப்போகும் கையொப்பம் எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போயின. விரலைக் கோணலாக்கினால் எல்லாம் பத்திரம். அடுத்த புதுசு வரும்வரை பத்திரம்.

அழிப்பானைக் கீழே வைத்தாள். பேனாவை மையில் தோய்த்து அந்த விரலின் மேல் ஒரே கோடாக இழுத்தாள். நேராக.

கீழே குடோன் கதவு ஒருமுறை அதிர்ந்தது.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். பின்னால் முடிச்சு வந்து, வாசலைத் தாண்டாமல் நின்றுகொண்டார்.

"என்ன இன்னும் முடிக்கலையா? கரண்ட் இல்லாம இந்த மேஜை எப்படி..." முதலாளி குனிந்தார். அந்த முகத்தை இவ்வளவு அருகில் அப்போதுதான் பார்த்தார். வாயிலிருந்த சிகரெட் நழுவி விழுந்தது.

பலூன் பெரிதாகிக்கொண்டே போயிற்று. எழுத்துகள் ஊறின.

'வேலைக்குச் சேர்ந்த புதிது. அப்போது என் பெயரும் புதுசுதான்.'

'குடோனில் சிகரெட்டைப் போட்டது நான் இல்லை.'

'உள்ளே தூங்கிக்கொண்டிருந்த காவல்காரர் தீயில் கருகிப் போனார். அவர் வீட்டு ஆட்கள் கும்பலாக வந்து, யார் என்று கேட்டார்கள்.'

'கடைசியாக வந்தவன் இவன்தான் என்று விரலை நீட்டினாய்.'

'நான் வாயெடுத்தேன். யாரும் பேச விடவில்லை. அடித்தே கொன்றார்கள்.'

எழுத்தக்கா இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கும் இப்படித்தான் பொத்தியிருப்பாள் என்று புதுசுக்குத் தோன்றியது.

"அழி," என்றார் முதலாளி. குரல் உடைந்திருந்தது. "அழிடி அதை! எல்லாம் நீ பண்ற வேலை. நீ வந்தப்புறம்தான்..."

விரல் பழக்கத்தில் அவளை நோக்கி எழுந்தது. பாதி வழியில் நின்றது. யாரோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது போல நின்றது. அவர் இழுத்தார், வரவில்லை. விரல் மெதுவாகத் திரும்பியது. கணு கணுவாக, நறநறவென்று, அவர் மார்பையே காட்டி நின்றது.

புதிதாக ஒரு வரி ஊறியது.

'பழியைப் போட்டாய். வாங்க வந்திருக்கிறேன்.'

விரல் விடுபட்டது. அவர் மைப்புட்டியை எடுத்து அந்த முகத்தின் மேல் கவிழ்த்தார். கறுப்பு வழிந்து மூடியது. மூச்சிரைத்தபடி நிமிர்ந்தார்.

"அவ்வளவுதான். போயிட்டான். செத்தவனுக்கு என்னய்யா..."

தரைப்பலகை இடுக்குகளிலிருந்து புகை எழுந்தது.

"குடோன்! என் காகிதம்!" என்று அலறினார். உயிர் போகும் நேரத்திலும் சரக்கை மறக்காத ரத்தம் அது. இடுப்புச் சாவியை உருவிக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

பூட்டு திறக்கும் சத்தம்.

கதவு திறக்கும் சத்தம்.

பிறகு ஒரு குடை மடங்கும் சத்தம்.

"நான் இல்லை!" என்று முதலாளியின் குரல் கேட்டது. "நான் இல்லைப்பா, நான்..."

வாக்கியம் முடியவில்லை. அதற்கு மேல் மழை மட்டும்தான்.

மூவரும் கீழே போனபோது குடோன் பூட்டியிருந்தது. வெளியே பூட்டு, பூட்டில் சாவி. திறந்தார்கள். காகிதக் கட்டுகள் காய்ந்து, குளிர்ந்து, வரிசை குலையாமல் இருந்தன. புகை இல்லை. அவரும் இல்லை. அவருடைய செருப்புகள் மட்டும் கதவைப் பார்த்தபடி ஜோடியாக இருந்தன. பிறகு போலீஸ் வந்து தரையைத் தோண்டியும் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

மேலே வந்தபோது மேஜையில் மை காய்ந்திருந்தது. கறுப்பு ஓரங்களுக்கு ஒதுங்கி, நடுவில் ஒரு முகத்தை விட்டிருந்தது. மழையில் குடை பிடித்து நின்றவர் முதலாளி. குடைப்பிடியில் ஆள்காட்டி விரல் கோணலாக, கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. கண்கள் பிதுங்க, உள்நாக்குத் தெரிய அலறிக்கொண்டிருந்தார்.

தலைக்கு மேல் பலூன் இல்லை.

குடை பழுது பார்ப்பவன் எந்தக் கட்டத்திலும் இல்லை.

இதழ் அப்படியே அச்சேறியது. கொடுப்பதற்கு வேறு பக்கம் இல்லை. அடியில் புதுசின் கையொப்பம் இருந்தது. 'கடைசியில் சரியான ஆளைப் பிடித்தீர்கள்' என்று வாசகர்கள் எழுதினார்கள். அண்ணன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அந்த ஆளு கண்ணு என்னையே பாக்குதே" என்று கவிழ்த்து வைத்தான். எழுத்தக்கா இன்னும் வேலைக்கு வருகிறாள். ஆனால் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் அவள் நிப்பிலிருந்து முதலில் வருவது 'நான் பார்த்தேன்' என்ற இரண்டு சொற்கள்தான். பிளேடால் சுரண்டிவிட்டுத்தான் வசனத்தைத் தொடங்குகிறாள். முடிச்சு இப்போதெல்லாம் கடைசியில் வருகிற ஆளை முதல் வாரமே கொண்டு வந்துவிடுகிறார்.

கோடையில் முதலாளியின் மருமகன் நாற்காலிக்கு வந்தார். மாமனாரின் சாமர்த்தியத்தில் பாதி, குரலில் இரண்டு மடங்கு. வந்த வாரமே ஒரு பக்கம் தலைகீழாக அச்சாகிவிட்டது. இதழைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"யாரு பண்ணின வேலை இது? இங்க கடைசியாச் சேர்ந்தது யாரு?"

எழுத்தக்காவின் கை வாய்ப் பக்கம் போயிற்று. முடிச்சு குனிந்துகொண்டார். மருமகனின் விரல் எழுந்தது.

"நீதானே புதுசு?"

அவள் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இல்லை சார். எனக்கப்புறம் ஒருத்தர் சேர்ந்திருக்காரு."

"யாரு? எங்க? நான் பார்க்கவே இல்லையே?"

வாசல் ஆணியை அவள் கண்ணால் காட்டினாள். அங்கே மடக்கிய ஒரு குடை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்து, தேங்கி, மருமகனின் காலை நோக்கி ஒரே கோடாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

கீழே, பூட்டிய கதவுக்குப் பின்னால், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.